பேனாக்கத்தி ஒன்று

போயா நாளில் பாதிக் கதவு திறந்திருக்கும்
குலேந்திரனின் சாவி வெட்டும் கடை.
மேசையில் பழைய சாரம் ஒன்றை விரிப்போம்.
கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை.
கொடுத்தால் சண்டை வரும் என்று
எல்லார் வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள்.
சாரத்தில் வைப்போம். மற்றவர் எடுப்பார்.
எங்கள் சங்கத்தின் யாப்பு
அந்த ஒற்றை வரிதான்.

கிண்ணியாவிலிருந்து ஹில்மி வருவார்,
ஹெல்மெட்டுக்குள் துவாய், துவாய்க்குள் இந்த மாதத்துப் புதுசு:
கப்பற்காரர் கத்தி,
கயிற்று முடிச்சைப் பிரிக்கும் முள்ளோடு.
அலகில் துரு தின்றது போக ஒரு சின்ன அம்புக்குறி.
“ராணியின்ர அம்பு” என்றார்.
“அப்ப ராஜா இருந்தவர்” என்று திருத்தினார் குலேந்திரன்,
பூதக்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

டெரன்ஸ் பார்த்தலோட்டிடம் வேட்டைக்கத்தி மட்டும்தான்.
பிடி மான்கொம்பு.
கோட்டை மான் தானாக உதிர்த்தது என்பார்.
ஏழு வருசமாக, ஐந்து கத்திக்கு, அதே மான்.
அந்தக் கத்திகள் இதுவரை வேட்டையாடியது
ஒரு பலாப்பழம்.

நான் சேர்ப்பது சின்னதுகள்.
மடித்தால் உள்ளங்கைக்குள் காணாமற் போகிறவை.
அலகைவிட எனக்கு வில்தான் முக்கியம்.
நல்ல வில் மூடும்போது ளொக் என்னும்.
களைத்த வில் பெருமூச்சு விடும்.
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்
எது சோலிங்கன், எது ஷெஃபீல்ட்,
எது கொழும்பு நடைபாதையில் பிறந்து
சோலிங்கன் என்று பொய் சொல்வது.

கன்னியா வீதியில், பழைய இரும்புக் கடையில்,
பிஸ்கட் டின் நிறையக் கத்திகள்
சூடைமீன் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.
ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல்.
நூலின் நுனியில் கறையான் விட்டுவைத்த மட்டைத் துண்டு.
ஒன்றில் மட்டும் மட்டை முழுதாக இருந்தது.
பெருவிரல் நீளம், எலும்புப் பிடி, முனை சற்று உடைவு.
அறுநூறு கேட்டான். பேரம் பேசவில்லை.

சாரத்தில் வைத்தேன்.
மட்டையில் நீல மை, உருண்டை உருண்டையாய்ச் சிங்களம்.
பியதிலக எடுத்து வாசித்தார்:
“பேனாக்கத்தி, ஒன்று. சைக்கிளில் வந்தவர்.
தேசிக்காய், ஒன்று.”
பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
“இது என்ட எழுத்து.”

உவர்மலைச் சந்தியில் இரண்டு வருசம் நின்றாராம்.
பொழுது சாய்வதற்குள் டின் நிறைந்துவிடுமாம்.
பெயர் எழுதவேண்டிய கோட்டில் பெயர் இல்லை.
“வரிசை நீளம்” என்றார்.
“அப்ப எனக்குக் கத்தி எண்டா விருப்பமே இல்லை.”

வெளியே ஒரு மான்
கடை வாசலில் கிடந்த லொத்தர்ச் சீட்டை மென்றது.
டெரன்சுக்கு மௌனம் ஆகாது.
“அப்படியெண்டால் எங்களில மூத்த சேகரிப்பாளர் நீங்கதான்” என்றார்.
ஹில்மி சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்.
பியதிலக சிரித்தார்,
எல்லாரும் முடித்த பிறகு, தனியாக.

“தேசிக்காயை என்ன செய்தீங்க?”
ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.
“பிழிஞ்சு குடிச்சன். சீனி இல்லை.”
“எதால வெட்டினீங்க?”
அவர் சாரத்தைப் பார்த்தார்.

முனையைத் தீட்டித் தரவா என்றார் குலேந்திரன்.
வேண்டாம் என்றேன்.
அவிழ்ந்த நூலைப் பியதிலகவே கட்டினார்,
இரண்டு சுற்று, ஒரு இழுப்பு,
விரல்கள் மறக்கவில்லை.
கத்தியைச் சாரத்தில் வைத்தார். நான் எடுத்தேன்.

வீட்டுக்குப் போகும் பஸ்
உவர்மலைச் சந்தியில் வேகம் குறைக்கவில்லை.
அங்கே இப்போது தொலைபேசிக்குக் காசு போடும் கடை.
இருந்தும் என் கை பைக்குள் போய்விட்டது,
அடையாள அட்டையைத் தேடி.
விரலில் பட்டது எலும்புப் பிடி.